நெல்லா வித்தா நட்டம், அரிசியா வித்தா லாபம்

வணக்கம் மக்களே. திருத்துறைப்பூண்டி பக்கம், நம்ம வயல்ல நின்னுதான் பேசுறேன். பின்னாடி நெஞ்சு உயரத்துக்கு நிக்குது பாருங்க, அது மாப்பிள்ளை சம்பா, நம்ம பாரம்பரிய நெல் ரகம்.

"இயற்கை விவசாயத்துல இறங்கலாமா, கட்டுமா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. கட்டும். ஆனா நெல்லா வித்தா கட்டாது, அரிசியா வித்தாதான் கட்டும்.

ஏன்னு சொல்றேன். அரசு நெல் கொள்முதல் நிலையத்துல சன்ன ரகம், பொது ரகம்னு ரெண்டே விலைதான். யூரியா போட்டு விளைஞ்சதா, மாட்டுச் சாணம், கோமியத்துல செய்யுற ஜீவாமிர்தம் விட்டு விளைஞ்சதான்னு அங்க கேள்வியே கிடையாது. இந்த மாப்பிள்ளை சம்பா 150 நாளுக்கு மேல வயல்ல நிக்கும். கார்த்திகை மழை வலுத்தா சாஞ்சிடும். ஏக்கருக்கு மூட்டையும் ஒட்டு ரகம் அளவுக்கு வராது. அதே விலைக்குப் போட்டா எப்படிங்க கட்டும்?

விதைக்குப் பஞ்சம் இல்ல. நம்ம ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்கி, அழிய இருந்த ரகங்களை ஊர் ஊரா பரப்பிட்டுப் போயிட்டாரு. 2018-ல அவர் இறந்தப்புறமும் விதை கைமாறிக்கிட்டுதான் இருக்கு. வளர்க்கவும் வழி தெரியும். தக்கைப்பூண்டுன்னு பசுந்தாள் உரச்செடி போட்டு, பூக்குற சமயத்துல மடக்கி உழுதா மண்ணுக்குத் தழைச்சத்து கிடைச்சிடும்.

சிக்குறது அரைவையிலதான். பெரிய ஆலையில லோடு கணக்குல நெல்லு வேணும்பாங்க. அஞ்சு மூட்டை கருப்பு கவுனி, அதாவது கருப்பரிசி நெல்லைக் கொண்டு போனா திருப்பி அனுப்பிடுவாங்க. அப்படியே அரைச்சுக் கொடுத்தாலும், முன்னாடி ஓட்டுன வெள்ளை அரிசி அதுல கலந்து வரும். 100 கிலோ நெல்லுக்கு 60, 65 கிலோ அரிசி கிடைக்கும். பட்டை தீட்டாத அரிசின்னா தவிட்டுல எண்ணெய் இருக்கு, நாள்பட்டா சிக்கு வாடை வந்துடும், வண்டும் வைக்கும். அதனால நெல்லாவே இருப்பு வச்சு, மாசா மாசம் தேவைக்கு மட்டும் அரைங்க. இதுக்குச் சின்ன அரைவை மில்லு வேணும், நெல்லு காய வைக்கக் களம் வேணும். நாலஞ்சு பேர் சேர்ந்தா முடியும், தனி ஆளா ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது சான்று. ஏற்றுமதிக்குப் போற அங்ககச் (ஆர்கானிக்) சான்றுக்கு, நெல்லு மாதிரி பயிருக்கு 2 வருஷம் மாறுதல் காலம். அந்த ரெண்டு வருஷமும் விளைச்சல் குறையும், ஆனா 'ஆர்கானிக்'னு போட்டு விக்க முடியாது. அந்த நட்டத்தை விவசாயிதான் சுமக்குறான், எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. 2021-ல இலங்கையில ஒரே உத்தரவுல ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே பின்வாங்க வேண்டியதாச்சு, விளைச்சலும் விழுந்துச்சு. மண்ணுக்கு அவகாசம் வேணும்ங்க. அதனால எல்லா நிலத்தையும் ஒரேடியா மாத்தாதீங்க. ஒரு மா, ரெண்டு மாவுல ஆரம்பிங்க (மூணு மா சேர்ந்தா ஏறக்குறைய ஒரு ஏக்கர்).

உள்ளூர்லயே விக்கிறதுன்னா பிஜிஎஸ் சான்று போதும். அஞ்சு விவசாயிங்களாவது குழுவா சேர்ந்து, ஒருத்தர் வயலை ஒருத்தர் பாத்து உறுதி சொல்றது. செலவு ரொம்பக் கம்மி. ஆனா நம்ம டெல்டாவுல தண்ணி வயலுக்கு வயல் பாயும், மேல் வயல்ல அடிச்ச மருந்து நம்ம வயலுக்கும் வரும். வரப்பை நல்லா உயர்த்திப் போடுங்க. பக்கத்து வயக்காரர்கிட்ட சண்டை போடாம, அடிக்கிற அன்னைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, மடையை அடைச்சுக்கலாம்.

கருப்பு கவுனிக்கு இப்ப நல்ல கேள்வி இருக்கு. சீரக சம்பா பிரியாணிக்கே போயிடும். குருணையை மாவாக்கலாம், மாப்பிள்ளை சம்பாவை அவலா இடிக்கலாம், அதுலயும் காசு இருக்கு.

இந்த சம்பா பட்டத்துக்கு இறங்குறவங்க, நாத்து விடுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணுங்க. உங்க ஊர்ல சின்ன லோடு அரைச்சுக் கொடுக்குற மில்லு எதுன்னு விசாரிங்க. மாசம் 10 கிலோ வாங்குற வீடு எத்தனை தேறும்னு எழுதி வைங்க. எத்தனை மா போடலாம்ங்கிறதை அந்தக் கணக்கைப் பாத்து முடிவு பண்ணுங்க.