வடசென்னைக்கு ஒரு பத்து மீட்டர்

(வியாசர்பாடியில் மாணவர்களுக்கான துப்பாக்கி சுடும் கோடை முகாமின் நிறைவு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நலச்சங்கத் தலைவர் அவர்களே, வந்ததிலிருந்து ஒரு முறைகூடச் செல்போனை எடுத்துப் பார்க்காத மாமன்ற உறுப்பினர் அவர்களே, காவல் ஆய்வாளர் அம்மையார் அவர்களே, கூடத்தைத் தந்து உதவிய தலைமையாசிரியர் அவர்களே, மின்விசிறி எட்டாத பின்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம். சால்வை போர்த்தினார்கள். மே மாதத்தில், வியாசர்பாடியில், சால்வை! அன்புக்கு நன்றி, கழற்றி வைத்துவிட்டேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று பாதுகாப்பு. இரண்டு, மனசை ஒரு இடத்தில் நிறுத்துவது. மூன்று, பெண்பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு தரும் தைரியம்.

"பிள்ளைங்க கையில துப்பாக்கியா?" என்று முகாம் தொடங்கியபோது ரொம்பப் பேர் கேட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நான் எல்லா மேடையிலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். ஆனால் எய்கிறவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

திருவொற்றியூர்த் திருவிழாவில் பலூன் சுடும் கடை. பத்து வயசுப் பையன் ஒருவன் சுட்டான், சிவப்புப் பலூன் வெடித்தது. சந்தோஷம் தாங்காமல் "அம்மா, பாத்தியா!" என்று அப்படியே திரும்பினான். துப்பாக்கியும் கூடவே திரும்பியது! பஞ்சுமிட்டாய்க்காரர் குனிந்தார். ராட்டினத்துக்கு நின்ற வரிசை மொத்தமும் உட்கார்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர், மூட்டுவலி என்று கோயில் படி ஏறாதவர், பானிபூரி வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரே தாவல். (அதற்கப்புறம் அவருக்கு மூட்டுவலியே இல்லை என்று வீட்டம்மா சொன்னார்.) குனியாமல் நின்றவர் கடைக்காரர் ஒருவர்தான். இரண்டு விரலால் குழலைப் பிடித்துப் பலூன் பக்கமே திருப்பினார். "தம்பி, நீ யாரை வேணா பாரு. இது மட்டும் பலூனைத்தான் பாக்கணும்" என்றார். பாதுகாப்பு விதியில் முதல் விதி இதுதான், ஐயா!

இங்கே முதல் நாள் பிள்ளைகளுக்குக் குண்டே தரவில்லை. குழலுக்குள் ஆரஞ்சு நிறக் கயிறு ஓடும். இரண்டு முனையிலும் கயிறு தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் விளங்கும். குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே. 'நிறுத்து' என்று குரல் வந்தால் பாதிக் குறியிலும் நிறுத்த வேண்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையோடு பிஸ்கட்டைத் தொடக்கூடாது. காற்றுத் துப்பாக்கிதானே என்று எளக்காரம் வேண்டாம், 4.5 மில்லிமீட்டர்க் குண்டு கண்ணைப் பறித்துவிடும்.

பத்து மீட்டர் ரைபிளில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். கேரம் ஸ்ட்ரைக்கரைத் தட்டுகிற அதே விரல் நிதானம்தான் விசைக்கும் வேண்டும். அது நமக்குப் புதுசா? கேரமில் உலகப் பட்டம் வென்ற இளவழகி இந்த வியாசர்பாடி, காசிமா வண்ணாரப்பேட்டை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். பழகியது? குஜராத்தில்!

அங்கேதான் விஷயத்துக்கு வருகிறேன். இன்றோடு முகாம் முடிந்துவிடும். இரவல் துப்பாக்கிகள் திரும்பப் போய்விடும். ருசி கண்ட பிள்ளை அப்புறம் எங்கே போவான்? ஆளில்லாத மொட்டைமாடியில் காக்காயைக் குறி பார்ப்பான். அன்றைக்கு அவனைப் பிடித்துத் திட்டினால், திரும்பவும் கேட்பேன், எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இடம் தராத நாம்தானே எய்தவர்கள்!

நமக்கு மைதானம்கூட வேண்டாம். சுடுகிற கோட்டிலிருந்து குறிக்குப் பத்து மீட்டர், பின்னால் நிற்க இடம், குண்டைத் தடுக்கும் சுவர், பூட்டுள்ள அலமாரி. கால்வாய் ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கூடம் இதற்குத் தாராளம். இப்போது அங்கே தேர்தல் தட்டிகள் தூங்குகின்றன. மாமன்ற உறுப்பினர் சிரிக்கிறார். எந்தக் கட்சித் தட்டி என்று நான் சொல்லவில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி. கூடத்தைக் கேட்டு எழுதிய மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. சான்றிதழ் வாங்கியதும் பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா கட்டியிருக்கிறது, கழற்ற வேண்டாம்.