கரித்துண்டு பிடிச்ச வாத்தியார்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. அடுப்படியில இருக்கறவங்க, கடையில உட்கார்ந்திருக்கறவங்க, ராத்திரி டூட்டிக்குக் கிளம்பிட்டு இருக்கறவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான். எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்கன்னு நிலையத்துல சொன்னாங்க, எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. ரொம்ப வருஷமா மனசுல வச்சிருக்கற ஒரு வாத்தியாரைப் பத்தித்தான் பேசப் போறேன். இத்தாலிக்காரர். பேரு ஆல்பெர்த்தோ மான்ட்ஸி. 1924-ல ரோம்ல பொறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு டிவி வழியா இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்தவர்.

இத்தாலியில இருக்கறவங்களுக்கு எதுக்கு இத்தாலி மொழி சொல்லித் தரணும்னு கேப்பீங்க. அங்கதான் விஷயமே இருக்கு. அந்த நாடு ஒண்ணா ஆனது 1861-ல. அப்ப ஊருக்கு ஊரு வேற பேச்சு. நேப்பிள்ஸ்ல ஒண்ணு, சிசிலியில ஒண்ணு, வெனிஸ் பக்கம் ஒண்ணு, சார்டீனியா தீவுல இன்னொண்ணு, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு அவ்வளவு சுலபமா புரியாது. நாடு ஒண்ணானப்ப இத்தாலிய மொழி நல்லா தெரிஞ்சவங்க நூத்துக்கு ரெண்டரைப் பேருதான்னு துல்லியோ தே மவுரோங்கற மொழி அறிஞர் கணக்குப் போட்டு சொல்லியிருக்கார். நூத்துக்கு ரெண்டரைப் பேருங்க! மத்தவங்களுக்கெல்லாம் அது ஆபீஸ் மொழி, கோர்ட் மொழி, அடுத்த வீட்டு மொழி மாதிரி. போகப் போக நிலைமை மாறுச்சு, ஆனா 1951 கணக்கெடுப்புல கூட நூத்துல 13 பேர் கிட்ட எழுத்தே தெரியாதவங்க.

இந்த இடத்துல என் கதையையும் ஒரு வரி சொல்லிக்கறேன். அறிவொளி இயக்கம் நடந்தப்ப நானும் சாயந்திர வகுப்பு எடுத்தேன். வயல் வேலை முடிச்சு கை கால் கழுவிட்டு வந்து உட்காருவாங்க. முதல் நாள் ஒரு அம்மா சிலேட்டுக்குச்சியை கையில வாங்கினதும் கை நடுங்குச்சு. கருக்கரிவா புடிச்சா நடுங்காத கை அது. எழுத்து தெரியாததுன்னா அறிவு இல்லாததுன்னு யாரோ அவங்களை நம்ப வச்சிருக்காங்க பாருங்க, அந்த நடுக்கம். அந்த நடுக்கத்தை எப்படி எடுக்கறதுன்னு நான் தேடிட்டு இருந்தப்பதான் மான்ட்ஸியைப் பத்தி படிச்சேன், அதுக்கப்புறம் விடவே இல்ல.

மான்ட்ஸி ரெண்டாம் உலகப் போர்ல கடற்படையில இருந்தவர். போர் முடிஞ்சு 1946-ல அவருக்குக் கிடைச்ச முதல் வாத்தியார் வேலை எங்கன்னா, ரோம்ல கபெல்லின்னு ஒரு சிறுவர் ஜெயில்ல. கிட்டத்தட்ட 90 பசங்க, ஒன்பது வயசுலேருந்து பதினேழு வயசு வரைக்கும், ஒரே ரூம்ல. பெஞ்சு கிடையாது, புஸ்தகம் கிடையாது. அவருக்கு முன்னாடி வந்த வாத்தியாருங்க எல்லாம் தாக்குப் பிடிக்காம ஓடிட்டாங்க. இவரு உள்ள போனதும் பசங்களோட தலைவன் எந்திரிச்சு வந்து, நீ பேசாம ஒரு ஓரமா உட்காரு, உன் சம்பளம் உனக்கு, எங்க பொழுது எங்களுக்குங்கற மாதிரி சொல்லியிருக்கான். முடியாது, சொல்லித் தரத்தான் வந்திருக்கேன்னு இவரு. அப்ப சண்டை போடுவோம், ஜெயிக்கறவன் சொல்றதுதான்னு ஆயிடுச்சு. கடற்படையில பழகின உடம்பு, இவர்தான் ஜெயிச்சார். பின்னாடி பேட்டியில அவரே சொன்ன கதை இது. ஆனா எனக்கு அந்தச் சண்டை முக்கியமா படல, அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். புஸ்தகம் இல்லையா, கதை சொல்ல ஆரம்பிச்சார். பீவர்னு ஆத்துல மரத்தால அணை கட்டற ஒரு பிராணி, அந்த பீவர் கூட்டம் ஒண்ணு தன்னோட விடுதலைக்காக என்ன பாடு படுதுன்னு ஒரு கதை. ஜெயில்ல இருக்கற பசங்களுக்கு அந்தக் கதை எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதுவே பின்னாடி புஸ்தகமாவும் வந்துச்சு. அந்தப் பசங்களே சேர்ந்து ஒரு பத்திரிகையும் கொண்டு வந்தாங்க.

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன், கரித்துண்டு. அப்புறம் அவரு பயாலஜி படிச்சார், கல்வியியல் படிச்சார், பல்கலைக்கழகத்துல கொஞ்ச நாள் வேலை பார்த்தார், அது சரிப்படலன்னு விட்டுட்டு ரோம்ல ஒரு சாதாரண ஆரம்பப் பள்ளிக்கே வாத்தியாரா வந்துட்டார். மேல ஏறினவர் கீழ இறங்கிட்டாருன்னு யாரும் நினைக்காதீங்க, அவருக்கு அதுதான் மேல.

1960-ல இத்தாலி அரசு டிவி, ராய்னு பேரு, கல்வி அமைச்சகத்தோட சேர்ந்து பெரியவங்களுக்கு எழுத்தறிவு நிகழ்ச்சி ஆரம்பிக்க ஆள் தேடினாங்க. வாத்தியாருங்களை வரிசையா கூப்பிட்டு கேமரா முன்னாடி நிறுத்தி, கையில ஒரு ஸ்கிரிப்ட் குடுத்து 'ஓ' எழுத்தை நடத்துங்கன்னு சொல்லியிருக்காங்க. மான்ட்ஸி போனார். ஸ்கிரிப்டைப் படிச்சுப் பார்த்தார். கிழிச்சுப் போட்டுட்டார். இப்படி நின்ன இடத்துல நின்னு பேசினா பார்க்கறவங்க தூங்கிடுவாங்க, எனக்குப் பெரிய பெரிய தாளும் ஒரு கரித்துண்டும் குடுங்கன்னு கேட்டாராம். குடுத்தாங்க. வரைய ஆரம்பிச்சார். பேசிக்கிட்டே வரையறது, வரைஞ்சுக்கிட்டே பேசறது. அன்னிக்கே ஆள் தேடற வேலை முடிஞ்சுடுச்சு.

இந்த வரையறதைப் பத்தி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கங்க, ஏன்னா என் உயிர் அதுலதான் இருக்கு. அவரு ஒரு கோடு போடுவார். என்னன்னு தெரியாது. இன்னொரு கோடு. இப்பவும் தெரியாது. நம்ம வீட்டு வாசல்ல அம்மா கோலம் போடும்போது புள்ளி வச்சு இழுக்க ஆரம்பிச்சா குழந்தைங்க குந்தி உட்கார்ந்து இது தாமரையா தேரான்னு பாக்குமே, அதே மாதிரி. டிவி முன்னாடி இருக்கற தாத்தா, இது குதிரையா இருக்குமோ, இல்ல வீடோன்னு மனசுக்குள்ள யோசிக்க ஆரம்பிச்சிடுவார். யோசிக்கும்போது பயம் போயிடுது. படம் முடியற நேரத்துல பக்கத்துல அந்தச் சொல்லு, அந்தச் சொல்லுக்குள்ள அன்னிக்குப் பாடத்து எழுத்து. எழுத்து முன்னாடி வந்து நின்னு மிரட்டாது, ஆசை முன்னாடி வரும், எழுத்து அது பின்னாடி வரும். திரும்பச் சொல்றேன், ஆசை முன்னாடி, எழுத்து பின்னாடி. இத்தாலிய மொழிக்கு எழுத்து 21தான், எழுதினபடியே பெரும்பாலும் படிச்சிடலாம். அதனால எழுத்து கஷ்டமே இல்ல. கை நடுக்கம்தான் கஷ்டம்.

அந்த நிகழ்ச்சிக்குப் பேரு, நம்ம மொழியில சொன்னா, 'ஒருபோதும் நேரம் கடந்துடல'ன்னு வரும். 1960 நவம்பர் 15-ல ஆரம்பிச்சு 1968 வரைக்கும் 484 பாகம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல. அப்ப எல்லார் வீட்டுலயும் டிவி ஏது? அங்க டிவி வந்ததே 1954-லதான். அதனால ஊர் ஊரா டிவி வச்சு, பக்கத்துல ஒரு உதவி வாத்தியாரையும் உட்கார வச்சு, பெரியவங்க கூட்டமா உட்கார்ந்து நோட்டுல எழுதினாங்க. ஒரு காலத்துல நம்ம பஞ்சாயத்து டிவி முன்னாடி ஊரே உட்கார்ந்திருக்குமே, அந்தக் காட்சிதான், ஆனா கையில பென்சில். இதைப் பார்த்துப் படிச்சு ஆரம்பப் பள்ளி சான்றிதழ் வாங்கினவங்க சுமார் 15 லட்சம் பேருன்னு சொல்றாங்க. அப்புறம் எத்தனையோ நாடுகள்ல இதே மாதிரி செஞ்சாங்க.

இவருக்கு அதுல என்ன கிடைச்சுதுன்னு கேட்டா, வாத்தியார் சம்பளம்தான். டிவிக்காரங்க தனியா குடுத்தது சட்டைக் காசு. கரி பட்டு சட்டை அழுக்காகுதில்ல, அதுக்காக. எனக்கு இதைப் படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு, 15 லட்சம் பேரு எழுத்து, அதுக்கு ஒரு சட்டை வெளுக்கற காசு.

இன்னொரு விஷயம் அவசியம் சொல்லணும். டிவி எல்லாம் முடிஞ்சு மறுபடியும் ஆரம்பப் பள்ளிக்கூடத்துலதான் இருந்தார். 1981-ல ஒவ்வொரு பிள்ளையைப் பத்தியும் மதிப்பீட்டு அட்டை எழுதணும்னு வந்துச்சு. மாட்டேன்னுட்டார். பிள்ளை மாறிக்கிட்டே இருக்கு, வளர்ந்துக்கிட்டே இருக்கு, இன்னிக்கு நான் ஒண்ணை எழுதி வச்சா அடுத்த வருஷம் அதைப் படிக்கறவங்க அந்தப் பிள்ளையை அப்படியே முத்திரை குத்திடுவாங்கங்கறது அவர் நியாயம். சஸ்பெண்ட் பண்ணி சம்பளத்தையும் நிறுத்தினாங்க. திரும்ப வந்தப்ப மறுபடி நெருக்கினாங்க, சரி எழுதறேன்னு சொல்லிட்டு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரி. முடிஞ்சதைச் செய்யுது, முடியாததைச் செய்யல. அவ்வளவுதான். ஸ்டாம்ப் எல்லாம் குத்தக் கூடாதுன்னு சொன்னாங்க, பரவால்ல பேனாவுலயே எழுதறேன்னுட்டார். ரேங்க் கார்டைக் கொண்டு வந்து வீட்டுல நீட்டும்போது நமக்கெல்லாம் வயித்துல என்ன பண்ணும்னு தெரியும்ல? வகுப்புல பதினேழாவது ரேங்க்னு ஒரு தடவை எழுதிட்டா அந்தப் பையன் பல வருஷம் பதினேழாவதாவே நடந்துக்கறான், நான் பார்த்திருக்கேன், ஒரு பையன் இல்ல, எத்தனையோ பேர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். தென்னமெரிக்கா பத்தி நிறைய குறிச்சு வச்சிருந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். எறும்பு ஆராய்ச்சிக்குன்னு அமேசான் காட்டுக்குப் போனவர், அங்க பழங்குடி மக்கள் எழுதப் படிக்கத் தெரியாம எவ்வளவு ஏமாத்தப்படறாங்கன்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் பல வருஷம் கோடை லீவுல அங்க போய் சொல்லிக்கொடுத்தார். அங்க இருந்த சில அரசாங்கங்களுக்கு அது பிடிக்கல, அவருக்குத் தொந்தரவும் வந்துச்சு.

1992-ல, வயசு 68 கிட்ட, மறுபடியும் ராய்க்கு வந்தார். இந்தத் தடவை வெளிநாட்டுலேருந்து பிழைக்க வந்தவங்களுக்கு இத்தாலிய மொழி. 60 பாகம். முன்னாடி சொந்த நாட்டுக்காரங்களுக்கு, இப்ப புதுசா வந்தவங்களுக்கு. இதைப் பத்தித்தான் நான் நிறைய பேசணும்னு வந்தேன், எங்கயோ நேரம் போயிடுச்சு. கடைசியில டஸ்கனியில பித்திலியானோன்னு பாறை மேல இருக்கற ஒரு சின்ன ஊருக்கு மேயரா இருந்தார், 1997 டிசம்பர்ல அங்கதான் காலமானார்.

அவர் பழைய பாடங்களோட சில பகுதியை இன்டர்நெட்ல பார்க்கலாம். மொழி தெரியாட்டியும் பாருங்க, அந்தக் கரித்துண்டு முதல் கோடு போடும்போது இது என்னவா வரும்னு நீங்களே சொல்லிப் பாருங்க. நேரம் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. கேட்டுக்கிட்டு இருந்த எல்லாருக்கும் நன்றிங்க, வணக்கம்.