டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் இதயச் சொற்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இதய நோயாளி ஒருவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது மருத்துவமனையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை நாம் கோப்பில் பத்திரமாக வைத்துவிடுகிறோம். அதில் எழுதியிருப்பது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் குறைவு. வீட்டில் அவரை எப்படிக் கவனிக்க வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே அழைத்து வர வேண்டும் என்பதற்கெல்லாம் அந்தச் சொற்களே அடிப்படை என்பதால், அவற்றுள் முக்கியமான சிலவற்றை இன்று விளக்க விரும்புகிறேன்.

பலரும் ஒன்றாகவே எண்ணும் மூன்று நிலைகளை முதலில் பிரித்துக்கொள்வோம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனியின் உட்சுவரில் உள்ள கொழுப்புப் படிவு கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து பாதை அடைபட, தசையின் ஒரு பகுதி சாகத் தொடங்குவதே மாரடைப்பு. தசை சேதமடைந்ததை ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் புரதம்தான் ட்ரோபோனின். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமல், வியர்வையும் அசதியும் மட்டுமே இருக்கக்கூடும். அதை வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓர் இரவைக் கடத்திவிடும் குடும்பங்கள் இன்றும் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம். கார்டியாக் அரெஸ்ட் எனப்படும் இதய நிறுத்தம் இதிலிருந்து வேறுபட்டது. இதயத்தின் மின் இயக்கம் தாறுமாறாகி, ஆள் சட்டென்று நினைவிழந்து, நாடியும் மூச்சும் இல்லாமல் கிடப்பார். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது, ஹார்ட் ஃபெயிலியர் எனப்படும் இதயச் செயலிழப்பு. இதைக் கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டதாகவே பலர் கலங்கிப் போகிறார்கள். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால், உடலுக்குத் தேவையான ரத்தத்தை அனுப்பும் வலு குறைந்ததாலோ, தசை விறைத்து உள்ளழுத்தம் கூடியதாலோ நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்கும். மாரடைப்பு, நெடுங்கால உயர் ரத்த அழுத்தம், சிறுவயது மூட்டுக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு, மிகுதியான மது எனப் பல வழிகளில் இந்நிலை வரலாம்.

எக்கோ எனப்படும் இதய ஸ்கேனின் அறிக்கையில் 'இ.எஃப்.' என்ற எழுத்துகளுக்கு எதிரே ஒரு சதவீதம் இருக்கும். இடது கீழறையில் ஏறத்தாழ 120 மில்லி ரத்தம் நிரம்பி, ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியேறினால், வெளியேறிய பங்கான இ.எஃப். சுமார் 58 சதவீதம். அது இயல்பான அளவு. இதைத் தேர்வு மதிப்பெண்ணைப் போல் நூற்றுக்கு எண்ணி, "அப்பாவுக்கு 60 தான் இருக்கிறது" என்று கவலைப்படுபவர்கள் உண்டு. நல்ல ஆரோக்கியமான இதயத்திலும் அறை முழுவதும் காலியாவதில்லை. 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சுருங்கும் வலு குறைந்திருக்கிறது என்றும், 41 முதல் 49 வரை ஓரளவு குறைந்திருக்கிறது என்றும் கொள்கிறோம். 50-க்கு மேல் இருந்தும் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. முதியவர்களிடமும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களிடமும் எண் நன்றாக இருந்தே செயலிழப்பு ஏற்படுவது உண்டு. பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அப்போது செயலிழப்பைக் கண்டறியத் துணைபுரியும்.

'என்.ஒய்.எச்.ஏ.' (நியூயார்க் இதயச் சங்கம் வகுத்த தரவரிசை) என்பதை அடுத்து வரும் ஒன்று முதல் நான்கு வரையிலான எண் மூச்சுத்திணறலின் அளவைச் சொல்வது. வழக்கமான வேலைகளில் சிரமமே இல்லையென்றால் ஒன்று. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நான்கு. 'எடீமா' என்றால் நீர்வீக்கம். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெதுவாகவே மேலெழும். 'ஆர்த்தாப்னியா' என்றால் மல்லாந்து படுக்க முடியாமை. ஒரு தலையணையோடு தூங்கியவர் மூன்று தலையணை கேட்கத் தொடங்கினால் நுரையீரலில் நீர் ஏறுகிறதோ என்று ஐயப்பட வேண்டும்.

அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வீட்டில் இருக்க வேண்டிய கருவி எடை பார்க்கும் இயந்திரம். காலையில் சிறுநீர் கழித்தபின், ஒன்றும் சாப்பிடுவதற்கு முன், நாள்தோறும் எடையைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் அது சதை அல்ல, தேங்கிய நீர். அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 'டையூரெடிக்' என்று மருந்துப் பட்டியலில் இருப்பது அந்த நீரை வெளியேற்றும் மாத்திரை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தினமும் தட்டில் இருந்தால் அந்த மாத்திரையின் பயன் பெருமளவு வீணாகும்.

இ.எஃப். 30-இலிருந்து 55-க்கு ஏறிவிட்டால், குணமாகிவிட்டதே என்று மாத்திரைகளை நிறுத்திவிடத் தோன்றும். இதயத் தசை நோயிலிருந்து தேறி, எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்தவர்களை வைத்து லண்டனில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பிலேயே மருந்தைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தேறியிருப்பது மருந்தின் துணையோடுதான் என்பதை வீட்டில் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும். அதேபோல, மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவிடும். வலி மாத்திரை எதையும் வாங்கும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.