ஆணி அடித்த காலணிகள்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

மெக்சிகோ நடனம் என்றால் பலருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். ஆண் தன் அகலத் தொப்பியைத் தரையில் வீசுவான்; பெண் அதைச் சுற்றி ஆடுவாள். அதன் பெயர் ஹராபே தபாத்தியோ. ஹலிஸ்கோ மாநிலத்தின் ஆட்டம். அது நாடு முழுவதற்கும் உரியதானதில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1910இல் வெடித்த புரட்சி ஓய்ந்தபின் சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. 1921இல் பொதுக்கல்வி அமைச்சகம் பிறந்தது. அமைச்சர் ஹோசே வாஸ்கொன்செலோஸ் கிராமங்களுக்கு ஆசிரியர் குழுக்களை அனுப்பினார். எழுத்தும் கணக்கும் சொல்லித்தரப் போனவர்கள் ஊர்களின் ஆட்டம் பாட்டையும் சேகரித்துக்கொண்டு வந்தார்கள். எங்கோ வடக்கில் இருந்த பிள்ளைகளும் ஹலிஸ்கோ ஆட்டத்தைப் பள்ளி விழாவில் ஆடத் தொடங்கியது இப்படித்தான்.

அப்புறம் 1952இல் அமாலியா எர்னாந்தெஸ் வந்தார். பாலேவும் நவீன நடனமும் பயின்றவர். அவர் தொடங்கிய பாலே ஃபோக்லோரிகோ என்ற நாட்டுப்புற நடனக் குழு 1959 முதல் மெக்சிகோ நகரத்தின் பெயாஸ் ஆர்த்தெஸ் அரங்கில் ஆடிவருகிறது. ஊரில் விடிய விடிய நடப்பது மேடையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வரிசை பிசகாது, ஆடைகள் கண்ணைப் பறிக்கும். ‘இது ஊர் ஆட்டமே இல்லை’ என்று குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை.

மீதிப் பாதியைப் பார்க்க எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினால் பிள்ளைகளுக்கு அடி விழும். 1960களில் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமைப் போராட்டமான சிக்கானோ இயக்கம் எழுந்தபோது, அந்தத் தலைமுறை தன் அடையாளத்தைத் தேடிப் போன இடங்களில் ஒன்று நடனம். 1969இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் லோஸ் லுப்பேன்யோஸ் குழு தொடங்கியது. பிறகு ஊர் ஊராக எத்தனையோ குழுக்கள். பெரும்பாலானவை சம்பளம் தராதவை. வேலையும் பள்ளியும் முடிந்த மாலையில், தேவாலயக் கூடத்திலோ பள்ளிக்கூட உணவறையிலோ பயிற்சி நடக்கும்.

அந்தப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலால் தரையைத் தட்டி ஆடுவதற்கு சப்பாத்தேயாதோ என்று பெயர். காலணியின் முன்னும் பின்னும் சின்னச் சின்ன ஆணிகளை நெருக்கமாக அடித்திருப்பார்கள். தட்டும்போது ஓசை கணீரென்று வரும். ஒருவர் தாளம் தப்பினால் கூடம் முழுக்கக் கேட்கும். பாவாடை வேலை தனிப் பாடம். ஹலிஸ்கோ பாவாடையைத் தரையில் விரித்தால் முழு வட்டத்துக்கும் மேல் வரும். அதைத் தோளிலிருந்து சுழற்ற வேண்டும். மணிக்கட்டால் சுழற்றினால் கை வலிதான் மிஞ்சும். வேராகுருஸ் பகுதிக்கு வெள்ளை லேஸ் உடை. அங்கே ‘லா பம்பா’ ஆடும் ஜோடி, தரையில் கிடக்கும் நீள நாடாவைக் கையால் தொடாமல் காலாலேயே பூமுடிச்சாகக் கட்டிவிடும். மாநிலத்துக்கு மாநிலம் உடை மாறுவதால் செலவும் ஏறும். அம்மாக்களும் பாட்டிகளும் தையல் மெஷினில் உட்காருவார்கள், வார இறுதியில் தமாலே என்ற சோளமாவுப் பலகாரம் விற்றுப் பணம் சேர்ப்பார்கள். குழுவைத் தாங்குவது பெரும்பாலும் இந்தக் கைகள்தான். மேடை அறிவிப்பில் அவர்கள் பெயர் வருவதில்லை.

சிறுவர்களுக்குப் பிடித்தது மிச்சோவாகான் மாநிலத்துப் புரேபெச்சா மக்களின் ‘கிழவர் ஆட்டம்’. சிரிக்கும் கிழட்டு முகமூடி, கையில் தடி, கூன் முதுகு. இருமிக்கொண்டே தள்ளாடுவார்கள், திடீரென்று கால்கள் பறக்கும். பையன்களை நடனத்துக்கு இழுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவரலாமா? மான் ஆட்டத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. சொனோரா மாநிலத்து யாக்கி மக்களுக்கு அது வழிபாடு. அவர்கள் மொழிப் பாடல்களோடு சேர்ந்தது. மேடையில் அது வேட்டைக்காரன் அம்பில் மான் துடித்துச் சாகும் காட்சியாகிவிட்டது. கைதட்டல் நிச்சயம். ஆனாலும் அந்த மக்களிடம் கேட்காமல் அதை ஆடாமல் இருப்பதே மரியாதை என்று நினைக்கிறேன்.

அதற்காகப் பழையது மட்டும்தான் அசல் என்றும் சொல்லமாட்டேன். வஹாக்கா நகரில் ஜூலை மாதம் நடக்கும் கெலகெட்சா விழாவில், துஸ்தெபெக் பெண்கள் தோளில் அன்னாசிப்பழத்தோடு வரிசையாக ஆடுவார்கள். ஃப்ளோர் தே பின்யா என்ற அந்த நடனத்தைப் பாவுலினா சோலிஸ் என்ற ஆசிரியை 1958இல்தான் அமைத்தார். இன்று அந்த ஊருக்கே அடையாளம் அது. யாராவது புதுசு என்று சொல்லிப் பார்க்கட்டும், துஸ்தெபெக்கில் சோறு கிடைக்காது!

வேராகுருஸில் நடந்தது வேறு. 1970களின் கடைசியில் மோனோ பிளாங்கோ போன்ற இசைக்குழுக்கள், மேடையை விட்டு ஃபந்தாங்கோவுக்குத் திரும்புவோம் என்றன. ஃபந்தாங்கோ என்பது ஊர்க் கொண்டாட்டம். நடுவில் தரிமா என்ற மரப்பலகை மேடை. சுற்றி ஹரானா என்ற சின்ன கிட்டார் வாசிப்பவர்கள். விருப்பப்பட்டவர்கள் ஏறி ஆடுவார்கள். 2008 முதல் மெக்சிகோவின் தீஹுவானாவுக்கும் அமெரிக்காவின் சான் தியேகோவுக்கும் நடுவே எல்லை வேலியின் இரண்டு பக்கமும் கூடி இதை நடத்தியிருக்கிறார்கள். மேடைக்குழுவில் தேறியவர்கள் அங்கே போனால் முதலில் திணறுவார்கள். எட்டு எட்டாக எண்ணி வைத்த அடிகள் செல்லாது. பாட்டு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பாடகர் வாயெடுத்ததும் காலை அடக்க வேண்டும், அவர் நிறுத்தியதும் ஓங்கித் தட்டலாம். குழுக்கள் தங்கள் மாணவர்களை வருடத்தில் ஒருமுறையாவது அந்தப் பலகையில் ஏற்றிவிட வேண்டும். ஆணிக் காலணியோடு வேண்டாம், பலகை கெட்டுவிடும்.