ஆத்துல போட்டாலும் அளந்து போடு: நம்ம கடலுக்கு அடியில நடக்கிற சர்வே

(கடலோர ஊர் ஒன்னுல நூலக ஆண்டுவிழாவுல பேசினது. வந்து கேக்க முடியாதவங்க எழுதித் தரச் சொன்னாங்க, அதனால பேசின மாதிரியே டைப் பண்ணிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களே, நமக்கெல்லாம் வழிகாட்டியா இருக்கிற பங்குத்தந்தை அவர்களே, ஊர் கமிட்டித் தலைவர் அவர்களே, இந்த மைக்கும் நாற்காலியும் பந்தலும் தன் சொந்தச் செலவுல ஏற்பாடு பண்ணிக் கொடுத்த முன்னாள் கவுன்சிலர் அண்ணாச்சி அவர்களே, முன் வரிசையில உக்காந்திருக்கிற மீன்வளத் துறை அதிகாரி அவர்களே (ஞாயித்துக்கிழமை அதுவுமா வந்திருக்கீங்க சார், ரொம்ப நன்றி), எல்லாத்துக்கும் மேல இந்த நூலகத்த கட்டிக் காக்கிற நூலகர் அம்மா அவர்களே. அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். 2017-ல ஒக்கி புயல் அடிச்சு முடிஞ்ச அடுத்த வாரம் நான் இங்க வந்தப்போ, நனைஞ்ச பேப்பரையெல்லாம் கயிறு கட்டி காயப் போட்டுட்டு இருந்தாங்க. அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு கேட்டா, கடலுக்குப் போனவங்க பேர் லிஸ்ட். அத அவங்க இன்னைக்கும் பத்திரமா வச்சிருக்காங்க. தாய்மார்களே, பெரியவர்களே, பின்னாடி நிக்கிற தம்பிமாரே, உங்க எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆழ்கடல் எண்ணெய்த் தேடலும் அறிவியலும்'. நான் மூணு விஷயம் பேசுறேன். ஒன்னு, இந்த சர்வேய எப்படிப் பண்றாங்க. ரெண்டு, சட்டம் என்ன சொல்லுது. மூணு, கடலடியில ஐஸ் மாதிரி உறைஞ்சு கிடக்கிற மீத்தேன், அதான் கேஸ் ஹைட்ரேட், அதப் பத்தி.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு, ஆத்துல போட்டாலும் அளந்து போடு. என் வகுப்புல படிச்ச எந்தப் பிள்ளையும் இத மறந்திருக்க மாட்டாங்க. புவி இயற்பியல்னு சொல்றதே அளக்கிற தொழில்தான்.

சரி, என்னத்த அளக்கிறாங்க? கடலுக்கு அடியில வண்டல் படுகைன்னு இருக்கு. கோண்ட்வானான்னு ஒன்னா ஒட்டிக் கிடந்த பெரிய நிலம் 10 கோடி வருஷத்துக்கும் முன்னாடி பிளந்துச்சு, இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் தனித்தனியா விலகுச்சு, அப்போ நடுவுல விழுந்த பள்ளங்கள்ல ஆறுங்க கொண்டுவந்த மண்ணு கிலோமீட்டர் கணக்குல அடுக்கடுக்கா படிஞ்சுச்சு. காவிரிப் படுகை, மன்னார் படுகை, மேக்க கேரளா-கொங்கண் படுகை எல்லாம் அப்படி வந்ததுதான். அந்த வண்டலோட சேந்து புதைஞ்ச நுண்ணுயிரெல்லாம் சூட்டுல வெந்து எண்ணெயா கேஸா மாறி, மேல ஏறிப் போறப்போ கெட்டியான பாறை ஒன்னு மூடி இருந்தா அங்கயே தேங்கும். அந்தத் தேக்கத்தைத்தான் தேடுறாங்க.

முதல்ல ஈர்ப்பு விசைய அளப்பாங்க. வண்டல் லேசானது, அடிப்பாறை கனம், அதனால வண்டல் தடிமனா இருக்கிற எடத்துல ஈர்ப்பு ஒரு துளி குறையும், அத சாட்டிலைட்லயே ஓரளவு பிடிச்சிரலாம். அப்புறம் காந்தப்புலம், அடிப்பாறை எவ்வளவு ஆழத்துல கிடக்குன்னு அதுல தெரியும். ஆனா துளை போட எடம் குறிக்கணும்னா இது ரெண்டும் பத்தாது, நில அதிர்வு சர்வே வேணும், அதான் சீஸ்மிக். நம்ம வீட்டுல பலாப்பழத்த தட்டிப் பாத்து பழுத்திருக்கா இல்லையான்னு சொல்றோம்ல, அதே வேலைதான். தட்டுறதுக்கு ஏர்கன். அழுத்தி அடைச்ச காத்த ஒரே நொடியில தண்ணிக்குள்ள வெடிச்சு விடுற குழாய், ஒரு கப்பல் அத டஜன் கணக்குல இழுத்துட்டுப் போகும். 10 செகண்டுக்கு ஒரு தரம் அடிக்கிறதா வச்சா ஒரு நாளைக்கு 8,640 தடவ அடிக்கும். ராத்திரி பகல் கிடையாது, லைன் முடிஞ்சு கப்பல் திரும்புற நேரம்தான் இடைவெளி. சத்தம் தண்ணியில செகண்டுக்கு சுமார் 1,500 மீட்டர் போகும், 3,000 மீட்டர் ஆழம்னா கீழ போக 2 செகண்டு, திரும்பி வர 2 செகண்டு. அதுக்கும் கீழ பாறைக்குள்ள போற சத்தம் ஒவ்வொரு அடுக்குலயும் கொஞ்சம் கொஞ்சமா எதிரொலிச்சு வரும். கப்பலுக்குப் பின்னாடி மிதக்கிற ஸ்ட்ரீமர் கேபிள்ல இருக்கிற ஹைட்ரோஃபோன், அதான் தண்ணிக்குள்ள சத்தம் கேக்கிற மைக்கு, அத்தனையும் கேட்டுப் பதியும். கேபிள் ஒன்னு 6 கிலோமீட்டர், 8 கிலோமீட்டர் நீளம் இருக்கும், 3டி சர்வேன்னா அந்த மாதிரி பத்து கேபிள் பக்கத்துல பக்கத்துல வரும். அதாவது ஒரு கிலோமீட்டர் அகலத்துல, நம்ம கொளச்சல்ல இருந்து முட்டம் வரைக்கும் கிட்டத்தட்ட நீளத்துல ஒரு வால், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல மெதுவா வருது. நினைச்ச எடத்துல நிறுத்த முடியாது, நிறுத்தினா கேபிள் தொய்ஞ்சு சிக்கிரும்.

மேக்குப் பக்கம் இன்னொரு சிக்கலும் இருக்கு. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி தக்காணத்துல எரிமலைக் குழம்பு பாய்ஞ்சு உறைஞ்சதே, அந்தக் கருங்கல் பாளம் கேரளா-கொங்கண் படுகையிலயும் பல எடத்துல மூடிக் கிடக்கு. மேல இருந்து போற சத்தத்துல பெரும்பங்கு அதுல முட்டித் திரும்பிரும், அடியில இருக்கிற பழைய வண்டல் மங்கலாத்தான் தெரியும். அதுக்கும் கீழ பாக்கணும்னா இன்னும் அடிக்குரல்ல பலமா அடிக்கணும், கேபிளும் இன்னும் நீளமா வேணும். இவ்வளவும் பண்ணி மாசக்கணக்குல கம்ப்யூட்டர்ல போட்டு அலசினாலும் 'இங்க தேங்கியிருக்க வாய்ப்பிருக்கு'ன்னுதான் சொல்ல முடியும். இருக்கா இல்லையாங்கிறது துளை போட்டாத்தான் தெரியும். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில 2002-ல கேஸ் கண்டுபிடிச்சாங்க, 2009-ல கேஸ் வந்துச்சு. நமக்குக் கிழக்கால மன்னார் படுகையில இலங்கை பக்கம் 2011-ல டொராடோ, பாரகூடான்னு ரெண்டு கிணத்துல கேஸ் தட்டுப்பட்டுச்சு. இந்த அறிவியல் மேல எனக்கு மரியாதை உண்டு, என் வாழ்க்கையே அதுல போயிருக்கு. நாட்டுக்கு எரிபொருள் வேணாம்னு சொல்ற ஆளும் நான் இல்ல.

இப்ப ஒரு சம்பவம் சொல்றேன், தலைவர் ஐயா கொஞ்சம் பொறுத்துக்கணும். நான் காலேஜ்ல பாடம் எடுத்துட்டு இருந்த காலம், ஒரு லீவுல எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தரோட வள்ளத்துல ராத்திரி கடலுக்குப் போனேன். தூண்டில் முழுக்க இறக்கியாச்சு, எஞ்சின நிறுத்தியாச்சு, கடல் கண்ணாடி மாதிரி. அவர் என்ன பண்ணினார்னா, மரத் துடுப்ப செங்குத்தா தண்ணிக்குள்ள இறக்கி, மேல் நுனிய காதோட சேத்து வச்சு கண்ண மூடிக்கிட்டார். என்ன பெரியவரேன்னேன். கத்தாளை கத்துதான்னு பாக்கேன்னார். அந்த மீன் கூட்டமா கத்தும், அது மரத்துல ஏறி காதுக்கு வரும். நான் பாடப் புத்தகத்துல ஹைட்ரோஃபோன் படம் போட்டு நடத்துறவன், அங்க ஒரு கிழவர் துடுப்பையே ஹைட்ரோஃபோனா வச்சிருக்கார்! கொஞ்ச நேரத்துல அவர் முகம் மாறிருச்சு. 'மக்களே, இங்க வா, காத வை'ன்னார். வச்சேன். டொம். அமைதி. அப்புறம் டொம். மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன், பத்து எண்ணுறதுக்கு ஒன்னு, தவறாம வருது. எனக்கு உடனே புரிஞ்சிருச்சு, சர்வே கப்பல். ஆனா சுத்திப் பாத்தா ஒரு வெளிச்சம் இல்ல, கப்பலே கண்ணுக்குத் தெரியல, அவ்வளவு தூரம். 'கத்தாளை வாய மூடிருச்சு, இனி இங்க ஒன்னும் நிக்காது'ன்னு சொல்லிட்டு ஒரு பீடிய பத்த வச்சார்.

விடியுறதுக்கு முன்னாடி சர்வே கப்பலுக்குக் காவலா வர்ற போட்டு ஒன்னு வேகமா வருது, ஒலிபெருக்கில கத்துறான், எந்த மொழின்னே விளங்கல, கைய மட்டும் ஆட்டுறான், ஒதுங்கு ஒதுங்குன்னு. தூண்டில ஏத்த நேரமில்ல. பின்னாடி மினுக் மினுக்னு, கேபிள் நுனியில கட்டின வால் மிதவையோட லைட்டு போகுது. போனப்புறம் பாத்தா எங்க தூண்டில்ல பாதி காணோம். கரைக்கு வந்து பெரியவரும் நானும் மனு எழுதி ஒரு ஆபீசுக்குப் போனோம். அங்க இருந்தவர் கோபமா ஒன்னும் பேசல, ரொம்ப நிதானமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'அந்த எடத்துல வழக்கமா உங்களுக்கு எவ்வளவு மீன் கிடைக்கும்? அதுக்கு ஏதாவது ரெக்கார்டு இருக்கா?' பெரியவர் என்னப் பாக்கார், நான் அவரப் பாக்கேன். அம்பது வருஷக் கணக்கு அவர் தலைக்குள்ள இருக்கு, காகிதத்துல ஒரு வரி இல்ல. மனு அதோட முடிஞ்சுது.

அன்னைக்குப் பிடிச்சது எனக்கு இந்தக் கிறுக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னா, பாறைய மட்டும் அளந்தா போதுமா? 3,000 மீட்டர் தண்ணிக்கும் கீழ இருக்கிற மண்ணடுக்க அளக்கிறவன், அதே தண்ணியில நீந்துற மீன அளந்துட்டு வேலைய ஆரம்பிச்சா என்ன குறைஞ்சு போகும்?

நார்வேல அளந்தாங்க. 1992-ல பாரன்ட்ஸ் கடல்ல ஏர்கன் அடிக்கிறதுக்கு முன்னாடி, அடிக்கும்போது, அடிச்ச பிறகுன்னு மூணு கட்டமா மீன் பிடிச்சுப் பாத்தாங்க. காட், ஹாடக்னு அவங்க ஊர் மீனு, இழுவலையில சராசரியா பாதிக்குப் பாதி குறைஞ்சுது, சர்வே நடந்த எடத்துக்குள்ள இன்னும் அதிகமா குறைஞ்சுது, நிறுத்தி அஞ்சு நாள் ஆகியும் பழைய அளவுக்குத் திரும்பல. எண்ணெய் எடுக்கிற நாடுதான் அது, ஆனா அங்க மீனவனுக்கு நஷ்டஈடு சட்டத்துலயே இருக்கு, மீன்பிடி தெரிஞ்ச ஆள சர்வே கப்பல்ல ஏத்துறதும் விதியிலயே இருக்கு. 2017-ல டாஸ்மேனியா பக்கம் ஆஸ்திரேலியக்காரங்க பண்ணின ஆய்வுல 1.2 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் மிதவை நுண்ணுயிர் செத்தது தெரிஞ்சுது. மீன் குஞ்சுக்கு அதுதானே சாப்பாடு.

சட்டத்துக்கு வர்றேன். மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில, துளை போடாத ஆய்வு சர்வேக்கு, அந்தப் பகுதிக்கு முன்னமே சர்வே அனுமதி இருந்தா, சுற்றுச்சூழல் அனுமதி வாங்குறதுல இருந்து விலக்கு. 2020 ஜனவரியில எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகள அந்த அறிவிக்கையில கெடுபிடி கம்மியான பி2 பிரிவுக்கு மாத்தினாங்க, கடல்லயும் சரி கரையிலயும் சரி, மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லன்னு ஆயிருச்சு. அதே வருஷம் வந்த நம்ம டெல்டா பாதுகாப்புச் சட்டம் வயல காப்பாத்துது, நல்லது, ஆனா ஆழ்கடலுக்கு அது வராது. இப்ப குமரிக்குத் தெக்கே ஆழ்கடல்ல எண்ணெய் தேடுறதுக்கு மூணு பிளாக், அதாவது மூணு பகுதி, மத்திய அரசு எண்ணெய்க் கம்பெனி ஓஎன்ஜிசிக்குக் கொடுத்திருக்காங்க, மொத்தம் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. நம்ம மாவட்டம் மொத்தமும் 1,700 சதுர கிலோமீட்டர் கூட வராது, கணக்குப் போட்டுக்கங்க. குமரிக்குத் தெக்கே மீன் நிறைஞ்ச கடலடி மேடு வெட்ஜ் பேங்க், அத நம்பி எத்தன போட்டு நாள்கணக்குல தங்கிப் பிடிக்க, அதான் தங்குகடல், போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவுல வைல்ட் கோஸ்ட்னு ஒரு கரை. 2021-ல ஷெல் கம்பெனி சர்வேக்குக் கப்பல் கொண்டு வந்துச்சு. கரையில இருக்கிற ஜனங்க கோசா மொழி பேசுறவங்க, அறிவிப்பு வந்தது இங்கிலீஷ், ஆஃப்ரிகான்ஸ் பேப்பர்ல. ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க. அந்த டிசம்பர் 28-ம் தேதி தடை, 2022 செப்டம்பர்ல அனுமதியே செல்லாதுன்னு தீர்ப்பு. 2024-ல மேல்முறையீட்டு கோர்ட்டும் அனுமதி கொடுத்த விதம் தப்புன்னு ஒத்துக்கிச்சு, ஆனா புதுப்பிக்கிற மனு முடியட்டும்னு ஒரு வாசலயும் தொறந்து வச்சுது. நமக்கும் தமிழ்ல, தேதியோட, லைன் போற எடத்தோட, ஹார்பர் போர்டுல ஒட்டி, வயர்லெஸ்ல சொல்லி அறிவிப்பு வரணும். ஒக்கி நேரத்துல ஆழ்கடல்ல இருந்தவனுக்கு சேதி போகாம என்ன நடந்துச்சுன்னு பாத்தவங்க நாம.

கேஸ் ஹைட்ரேட் பத்தி இன்னொரு மேடையில பேசுவோம், தலைவர் ஐயா மணியப் பாக்குறாங்க.

நான் கேக்கிறது, ஏர்கன் அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாப் பருவமும் வர்ற மாதிரி ஒரு முழு வருஷம் மீன அளக்கணும். அரசாங்கம் அளக்கணும், அதிகாரி ஐயாகிட்ட அதுக்கு மனு இப்பவே கொடுக்கிறேன். ஆனா அது வர்ற வரைக்கும் நாம சும்மா இருக்கக் கூடாது. கொச்சியில இருக்கிற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இறங்குதளத்துல மாதிரி எடுத்துக் கணக்கு வச்சிருக்கு, அது மாநிலத்துக்கு, மாவட்டத்துக்கு உதவும். உன் போட்டு எந்த எடத்துல எவ்வளவு பிடிச்சுதுங்கிறது உன் நோட்டுலதான் இருக்க முடியும். ஆத்துல போட்டாலும் அளந்து போடு, கடல்ல இருந்து எடுத்தாலும் அளந்து எடு.

வாசல்ல மேசை மேல நீல அட்டை போட்ட நோட்டு அடுக்கியிருக்கு, போட்டுக்கு ஒன்னு, காசு வேண்டாம். ஆறு கட்டம் இருக்கும்: தேதி, ஜிபிஎஸ் இடம், ஆழம், வலையா தூண்டிலா, எத்தன மணி நேரம் போட்டது, என்ன மீன் எத்தன கிலோ. ஒன்னும் கிடைக்காத நாளையும் எழுதணும், பூஜ்யம்னு எழுதணும், அது ரொம்ப முக்கியம். ஓரத்துல சின்னதா ஒரு கட்டம் விட்டிருக்கேன், சர்வே கப்பலயோ காவல் போட்டையோ பாத்தா, இல்ல தண்ணிக்குள்ள சத்தம் கேட்டா, நேரத்த அதுல குறிங்க. எழுத வராதவங்க கரைக்கு வந்து வீட்டுல படிக்கிற பிள்ளைகிட்ட சொல்லி எழுதுங்க. மாசக் கடைசியில நூலகர் அம்மா போட்டோ எடுத்து ஒரு காப்பி வச்சுக்குவாங்க, நோட்டு உங்ககிட்டயே இருக்கும். போறப்போ போட்டு நம்பர ரிஜிஸ்தர்ல எழுதிட்டு எடுத்துட்டுப் போங்க, பேனா அங்கயே கட்டி வச்சிருக்கு. வணக்கம்.