ஆல்ரெடி, ஸ்டில், யெட்: ஆச்சரியம் எங்கே ஒளிந்திருக்கிறது?

திரையில்: பத்து மணி காட்டும் ஒரு சுவர்க் கடிகாரம்.

மணி பத்து. இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் 'இட்ஸ் டென் ஆல்ரெடி!' என்கிறார். இன்னொருவர் 'இட்ஸ் ஒன்லி டென்!' என்கிறார். முதலாமவர் வேலையில் மூழ்கிக் கிடந்தவர், நேரம் ஓடியதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டாமவர் யாருக்காகவோ காத்திருக்கிறார், முள் நகரவே மாட்டேன் என்கிறது. தமிழில் முதலாவது 'அதற்குள் பத்தாகிவிட்டதா!' இரண்டாவது 'பத்துதான் ஆகிறதா!'

இரண்டு பேருமே ஆச்சரியப்படுகிறார்கள், ஆனால் எதிரெதிர்த் திசையில்.

கால வினையடை என்றதும் நவ், யெஸ்டர்டே, டுமாரோ போன்றவைதான் நம் நினைவுக்கு வரும். அவை எப்போது என்று சொல்வதோடு சரி. ஆல்ரெடி, ஸ்டில், யெட் மூன்றும் அப்படியல்ல. இவற்றைச் சொல்பவர் மனத்தில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'இது இந்நேரம் முடிந்திருக்கணுமே', 'இது இவ்வளவு சீக்கிரம் நடக்காதே' என்று அது கணக்குப் போடும். சுவர்க் கடிகாரமும் அதுவும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆச்சரியம் பிறக்கிறது.

திரையில்: ஆல்ரெடி

ஆல்ரெடி என்றால் ஏற்கெனவே என்று படித்திருக்கிறோம். அது பாதிதான். 'ஐ ஹேவ் ஆல்ரெடி ரெட் இட்' என்றால் ஏற்கெனவே படித்துவிட்டேன். வெறும் தகவல், வியப்பு ஒன்றும் இல்லை. அதே சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோய், குரலை அதன்மேல் அழுத்திப் பாருங்கள்: 'யூ ஹேவ் ரெட் இட் ஆல்ரெடி?' இப்போது அதன் பொருள் 'அதற்குள் படித்துவிட்டாயா!' தமிழ் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஆங்கிலமோ ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இடத்தாலும் குரலாலும் வேறுபடுத்துகிறது.

கேள்வியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 'ஹேவ் யூ ஃபினிஷ்ட் யெட்?' என்று கேட்பவருக்குப் பதில் தெரியாது. முடிந்ததா, இல்லையா என்று கேட்கிறார், அவ்வளவுதான். 'ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?' என்று கேட்பவர், முடிந்துவிட்டதைப் பார்த்தபிறகு கேட்கிறார். கேள்விக்குறி இருந்தாலும் அது வியப்புதான். கேள்வியில் யெட், சாதாரண வாக்கியத்தில் ஆல்ரெடி என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைப் பிழை என்று நினைத்துவிடுகிறார்கள். பிழையே இல்லை.

அமெரிக்கப் பேச்சில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. 'லெட்ஸ் கோ ஆல்ரெடி!' என்றால் அதில் வியப்பு இல்லை, பொறுமை போய்விட்டது என்று பொருள். யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து வந்த வழக்கு அது.

திரையில்: ஸ்டில்

இந்தச் சொல்லில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் இது ஆளைப் புண்படுத்தும். 'டு யூ வொர்க் தேர்?' என்பது சாதாரண விசாரிப்பு. நடுவே ஸ்டில் சேர்த்து, 'டு யூ ஸ்டில் வொர்க் தேர்?' என்று கேளுங்கள். 'இன்னும் அங்கேதான் வேலையா?' என்ற நல்ல விசாரிப்பாகவும் இருக்கலாம். குரல் கொஞ்சம் ஏறினால், 'இன்னுமா அங்கே இருக்கிறாய்?' என்று ஆகிவிடும். இந்நேரம் விட்டிருப்பாய் என்று நினைத்தேன் என்பது உள்ளே இருக்கும் செய்தி.

விருந்தினரிடம் பேசும்போது இது நன்றாகப் புலப்படும். 'ஆர் யூ லீவிங் ஆல்ரெடி?' என்றால், அதற்குள் கிளம்பிவிட்டீர்களா என்ற அன்பு. 'ஆர் யூ ஸ்டில் ஹியர்?' என்றால், இன்னும் போகவில்லையா என்று அவர் காதில் விழும். ஒரு சொல்லில் உபசாரமே தலைகீழாகிவிடுகிறது. எனக்கு இந்த இலக்கணத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

திரையில்: இன்னும் வரவில்லை

அப்புறம், தமிழர்களுக்கு உண்மையிலேயே சிக்கலான இடம் ஒன்று. 'ஷீ ஹேஸன்ட் கால்ட் யெட்', 'ஷீ ஸ்டில் ஹேஸன்ட் கால்ட்' இரண்டையும் நாம் 'அவள் இன்னும் கூப்பிடவில்லை' என்றே சொல்வோம். வேறுபாட்டைக் காட்ட வேண்டுமென்றால் 'இன்னும்' என்பதை இழுத்துச் சொல்வோம், இல்லையென்றால் 'இன்னும்கூட' என்போம். ஆங்கிலம் அந்த வேறுபாட்டுக்குச் சொல்லையே மாற்றுகிறது. யெட்டில் பதற்றம் இல்லை, கூப்பிடுவாள் என்ற எதிர்பார்ப்பு மட்டும் இருக்கிறது. ஸ்டில்லில் அந்த எதிர்பார்ப்பு காலம் கடந்து, கவலையாகவோ எரிச்சலாகவோ மாறியிருக்கிறது.

இடத்தையும் பாருங்கள். யெட் கடைசியில் நிற்கும். ஸ்டில், ஹேஸன்ட் என்ற எதிர்மறைத் துணைவினைக்கு முன்னால் வந்துவிடும். 'ஹேஸன்ட் ஸ்டில் கால்ட்' என்று மாற்றிப்போட்டால் காதுக்கு இடறும்.

காலையில் மின்னஞ்சல் அனுப்பினீர்கள், மதியம்வரை பதில் இல்லை: 'தே ஹேவன்ட் ரிப்ளைட் யெட்.' ஒரு வாரம் போய்விட்டது, அப்போதும் இல்லை: 'தே ஸ்டில் ஹேவன்ட் ரிப்ளைட்.'