பூட்டு போட்டவர்களும் வழி கண்டவர்களும்

நண்பர்களே, திருட்டு என்றதும் பூட்டுதான் நினைவுக்கு வரும். இணையத்தில் ரசிகர்கள் அனுமதியில்லாமல் பாட்டுகளைப் பகிர்ந்துகொண்டபோது இசை நிறுவனங்களுக்கும் அதுதான் வந்தது. ஒரு பூட்டு விழுவதற்குள் அடுத்த வழி எப்படித் திறந்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

குறுவட்டில் (சிடி) நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 40 எம்பி (மெகாபைட்) அளவு இடம் பிடிக்கும். எம்பி3 என்ற கோப்பு வடிவம் அதை நான்கு எம்பிக்குள் சுருக்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த டயல்-அப் இணைய இணைப்பில்கூட பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் பாட்டு வந்துவிடும். நடுவில் வீட்டில் யாராவது தொலைபேசியை எடுத்தால் போச்சு!

1999-இல் ஷான் ஃபேனிங் என்ற இளைஞர் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் சேவையைக் கொண்டுவந்தார். பாட்டுகள் எல்லாம் பயனர்களின் கணினிகளில்தான் இருந்தன. யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சர்வரில் இருந்தது. இசை நிறுவனங்கள் போட்ட வழக்கில் சிக்கியது அந்தப் பட்டியல்தான். 2001 ஜூலையில் சேவை நின்றது.

சரி, முடிந்ததா? நடுவில் ஒரு பட்டியலே தேவைப்படாத நுடெல்லா என்ற பகிர்வு வலை 2000-லேயே வந்துவிட்டது. அதில் ஒரு கணினி தனக்குத் தெரிந்த சில கணினிகளைக் கேட்கும், அவை தங்களுக்குத் தெரிந்தவற்றைக் கேட்கும். நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? அதன்மேல் ஓடிய லைம்வயர் என்ற மென்பொருளை முடக்க 2010 வரை ஆனது.

இதற்கிடையே நிறுவனங்கள் போலிக் கோப்புகளையும் இறைத்தன. ஆசையாக இறக்கிய பாட்டைத் திறந்தால், பல்லவியின் ஒரு துண்டே திரும்பத் திரும்ப ஓடும். 2003-இல் அமெரிக்கப் பாடகி மடோனா தம் புதுப்பாட்டு என்ற பெயரில் உலவவிட்ட கோப்பில், அவரே கெட்ட வார்த்தையில் திட்டினார். யாரோ அவருடைய இணையதளத்துக்குள் புகுந்து அசல் பாட்டுகளையே அங்கே வைத்துவிட்டுப் போனார்கள். (சிரிப்பு)

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் ரசிகர்கள்மீதே பாய்ந்தது. முதல் சுற்றில் 261 பேர்மீது வழக்கு. பின்னால் ஒரு பெண்ணுக்கு 24 பாட்டுகளுக்காக 2,22,000 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பாட்டுக்கு 9,250 டாலர்! ஆப்பிளின் ஐட்யூன்ஸ் இணையக் கடையில் அப்போது பாட்டு 99 சென்ட். அனுமதியில்லாமல் பகிர்ந்தது தவறுதான், அதை நான் மழுப்பவில்லை. ஆனால் இந்தக் கணக்கைக் கேட்ட யாருக்கும் நிறுவனத்தின்மேல் அனுதாபம் வராது. 2008 டிசம்பரில் இப்படிக் கொத்தாக வழக்குப் போடுவதைச் சங்கமே கைவிட்டது.

கடைசியில் கூட்டம் கலைந்தது கடை திறந்ததால்தான் என்பேன். தேடியவுடன் கேட்க முடிந்தால், வைரஸ் பயத்தோடு கோப்பைத் துழாவ யாருக்குப் பொறுமை? ஐட்யூன்ஸ் அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது. 2008-இல் வந்த ஸ்பாட்டிஃபை போன்றவை அதை மாதச் சந்தாவாக்கின.

அந்தச் சந்தா யாருக்குப் போகிறது? நிறுவனத்துக்கு ஒரு பங்கு, பாடலை எழுதி இசையமைத்தவர்களுக்கு ஒரு பங்கு, பாடியவருக்கு அவரவர் ஒப்பந்தப்படி. ஸ்டூடியோவில் உட்கார்ந்து வயலின் வாசித்தவருக்குப் பெரும்பாலும் அன்றைய சம்பளத்தோடு சரி. திருட்டுப் பகிர்வில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. நாம் முறையாகப் பணம் கட்டிக் கேட்கும்போதும் அவர் நிலை பெரிதாக மாறவில்லை.